கடற்கரையில் ஒரு தொலைநோக்கி: ராமநாதபுரம் பக்கத்தில் முதல் முறை வாங்குபவர்களுக்கு

ராமேஸ்வரம் தீவின் கடற்கரையில் இருட்டிய பின் தொலைநோக்கியை நிறுத்தினால், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பெரியவராக இருக்கும், டீக்கடையிலிருந்து திரும்பும் இளவட்டமாக இருக்கும். கேள்வி மட்டும் மாறாது. "தம்பி, இதுல சிலோன் தெரியுமா?"

தெரியாது. மணலில் நிற்கிற ஆளின் கண் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் பூமியின் முதுகு வளைந்து மறைக்கிறது. எவ்வளவு நல்ல கருவியும் அந்த வளைவைத் தாண்டிக் கரையைக் காட்டாது. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அப்ப எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?"

தொலைநோக்கி வாங்கப் போகிறவர்களும் கடையில் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் இதற்குத்தான் பதில் வைத்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். கருவி எவ்வளவு ஒளியை வாங்கும், எவ்வளவு ஆடாமல் நிற்கும், நம் ஊர் வானத்துக்கும் உப்புக் காற்றுக்கும் ஒத்துவருமா என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பெருக்கம் தன்னால் வந்து சேரும்.

நான் வாங்கிய முதல் தொலைநோக்கியின் பெட்டியில் 525 மடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. 60 மில்லிமீட்டர் லென்ஸ், கம்பி மாதிரி மூன்று கால். கணக்கு என்னவோ சரிதான். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ., உள்ளே வைத்திருந்த ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ், 4 மி.மீ. எழுநூறை நான்கால் வகுத்தால் 175. அதோடு மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. அப்படிச் செருகி வியாழனைப் பார்த்தேன். மங்கலாக, நடுங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. காற்று லேசாகத் தொட்டாலே கறை ஓடி மறைந்தது. மூன்று மாதம் கழித்து, பார்லோவைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. ஐபீஸை மட்டும் போட்டு 28 மடங்கில் பார்த்த இரவில்தான் வியாழன் சின்ன வட்டமாகவும் அதன் நான்கு நிலாக்கள் ஒரே கோட்டில் புள்ளிகளாகவும் தெரிந்தன. 1610 ஜனவரியில் கலிலியோ இதே நிலாக்களைக் கண்டுபிடித்த கருவியும் சுமார் 20 மடங்குதான் பெருக்கியது.

இது ஏன் இப்படி என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மழையை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும்.

மழை வந்ததும் முற்றத்தில் பாத்திரம் வைக்கிறோம். சொம்பு வைத்தால் சொம்பளவு, அண்டா வைத்தால் அண்டாவளவு. பெய்கிற மழை இரண்டுக்கும் ஒன்றேதான், வாயின் அகலம்தான் வித்தியாசம். ஊருணியை அகலமாக வெட்டி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். விண்மீனிலிருந்து வரும் ஒளியும் அப்படிப் பெய்கிற ஒன்றுதான். இருட்டுக்குப் பழகிய இளைஞரின் கண்மணி சுமார் 7 மி.மீ. திறக்கும். அதுதான் நம் சொம்பு. 70 மி.மீ. லென்ஸின் விட்டம் அதைப்போலப் பத்து மடங்கு, பரப்பு நூறு மடங்கு. ஆகவே வெறும் கண்ணைப்போல நூறு மடங்கு ஒளி அதற்குள் விழுகிறது. 150 மி.மீ. கண்ணாடி என்றால் சுமார் 460 மடங்கு. விட்டம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்காகும், அதனால்தான் 70-க்கும் 150-க்கும் இடையே கடையில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் வானத்தில் பெரிதாகத் தெரிகிறது.

பெருக்குவது என்பது சேர்த்த தண்ணீரைப் பரப்பி ஊற்றுவது மாதிரி. ஒரு சொம்புத் தண்ணீரை முற்றம் முழுக்கப் பரப்பினால் தரை ஈரமாகும், அவ்வளவுதான். 60 மி.மீ. லென்ஸ் வாங்கிய ஒளியை 525 மடங்குக்குப் பரப்பினால் உருவம் மங்கி, விளிம்பெல்லாம் குழைந்துவிடும். பொதுவான கணக்கு, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு வரை போகலாம். 60-க்கு 120, 150-க்கு 300. அதுவும் காற்று அசையாமல் இருக்கிற இரவுகளில் மட்டும். சாதாரண இரவுகளில் நான் 150 மி.மீ.ட்டரில் 120 மடங்கைத் தாண்டிப் போவதே குறைவு.

விட்டம் கூடினால் நுணுக்கமும் கூடும். வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகை, அதை 1,800 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு ஒரு விகலை என்று பெயர். 60 மி.மீ. கருவி சுமார் இரண்டு விகலை இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும். 150 மி.மீ. கருவி ஒரு விகலைக்கும் குறைவான இடைவெளியைப் பிரிக்கும். சனியின் வளையத்தில் உள்ள கறுப்புக் கோடு, வியாழனின் பட்டைகளில் உள்ள நெளிவு எல்லாம் இந்தப் பிரிக்கும் திறனைப் பொறுத்தவை.

சரி, எந்த வகை வாங்குவது?

ஒளியை லென்ஸால் சேர்ப்பது ஒரு வகை. குழாயின் அடியில் வைத்த குழிந்த கண்ணாடியால் சேர்ப்பது இன்னொன்று, நியூட்டன் 1668-ல் செய்து காட்டியது அதுதான். லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய்கள் மூன்றாவது. மேக்சுடோவ் போன்றவை இதில் வரும். லென்ஸ் குழாய் மூடியே இருக்கும், உப்புக் காற்று உள்ளே போகாது, பராமரிப்பு குறைவு. ஆனால் விட்டம் கூடக் கூட விலை ஏறிவிடும். கண்ணாடிக் குழாயில் அதே காசுக்கு இரண்டு மடங்கு விட்டம் வாங்கலாம், ஆனால் வாய் திறந்திருக்கும், கண்ணாடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். மூன்றாவது வகை கைக்கு அடக்கம், மூடிய குழாய், கிரகங்களுக்கு நல்லது. விலை அதிகம், ஒரே நேரத்தில் தெரியும் வானத்தின் பரப்பும் குறைவு.

குழாயைவிட அதைத் தாங்குகிற ஸ்டாண்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் பரணில் தூக்கிப் போடுவதற்குப் பாதிக் காரணம் ஸ்டாண்டாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் கடற்கரைக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு.

படங்களில் அழகாகத் தெரியும் ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது. சாய்ந்த அச்சு, எதிர்ப் பக்கம் எடைக்குண்டு, இரண்டு வட்ட அளவுகோல். ஈக்வடோரியல் ஸ்டாண்ட் என்பார்கள். பூமியின் சுழலச்சுக்கு இணையாக அதன் அச்சைத் திருப்பி வைத்துவிட்டால், ஒரே குமிழைத் திருகி விண்மீனைத் தொடர்ந்து போகலாம். யோசனை அருமையானது. ஆனால் அந்த அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரம் வடக்கே அவ்வளவு உயரத்தில் நிற்கும். லண்டனில் 51 பாகை, டெல்லியில் 28. ராமேஸ்வரத்தில் சுமார் 9 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மூடிப் பிடித்தால் அது மறைக்கிற உயரம் பத்துப் பாகை. அதற்கும் கீழே துருவ நட்சத்திரம் நிற்கிறது! பனந்தோப்பு ஒன்று இருந்தால் போதும், மறைந்துவிடும். தோப்பு இல்லாவிட்டாலும் கடலோர மூட்டத்தில் பல இரவுகள் தெரியாது.

அது மட்டுமில்லை. வடக்கு நாடுகளை மனதில் வைத்துச் செய்த பல ஸ்டாண்டுகளின் சாய்வு 9 பாகை வரை இறங்காது. இறங்கினாலும் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும், எடைக்குண்டுத் தண்டு கீழே மூன்று காலில் இடிக்கும். ஆகவே நம் பக்கத்தில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்த ஸ்டாண்டை நான் சொல்லவே மாட்டேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனை பாகை வரை இறங்கும் என்று முதலில் கேளுங்கள்.

நமக்குப் பொருந்துவது மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்புகிற எளிய ஸ்டாண்ட். அதிலும் டாப்சோனியன் என்கிற மரப்பெட்டி வடிவம். தரையில் வட்டப் பலகை, அதன் மேல் சுழலும் பெட்டி, பெட்டியில் பீரங்கி மாதிரி சாய்கிற குழாய். இதைப் பரப்பியவர் ஜான் டாப்சன். சான்ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல், கப்பல் ஜன்னலில் இருக்கும் தடித்த வட்டக் கண்ணாடியை எடுத்து உட்கார்ந்து தேய்த்துத் தொலைநோக்கிக் கண்ணாடி ஆக்கினார். 1960-களின் கடைசியில் நடைபாதையில் அதை நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். பழைய கப்பல் பொருளிலிருந்து பிறந்த இந்தக் கருவி நம் கரைக்குப் பொருந்திப் போவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

என் சிபாரிசு இதுதான். வீட்டில் இடமும் தூக்க இரண்டு கையும் இருந்தால் 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன். பைக்கில் பின்னால் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றால் 70 அல்லது 80 மி.மீ. லென்ஸ் குழாயும், ஆடாத கனமான முக்காலியும். 200 மி.மீ. டாப்சோனியன் இன்னும் அழகாகக் காட்டும், ஆனால் மொத்த எடை இருபது கிலோவுக்கு மேல் போகும். மாடிப்படியில் ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு காசு இப்போது வேண்டாம் என்று தோன்றினால், தயங்காமல் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 10×50 என்று போட்டிருந்தால் பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. விட்டம். 7×50 கை நடுக்கத்தைக் குறைவாகக் காட்டும், கடலில் போகிறவர்கள் அதிகம் வைத்திருப்பதும் அதைத்தான். கார்த்திகை என்று நாம் சொல்லும் அறுமீன் கூட்டம் இரண்டு பாகை அகலம். தொலைநோக்கியில் அது முழுதாக அடங்காது, பைனாகுலரில் அழகாக அடங்கும். முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு அதைப் பாருங்கள். ஆறு மீன் ஐம்பதாகும்.

முதல் இரவுக்கு முன் ஒரு பகல்

குழாயின் மேல் சின்னதாக ஒட்டியிருக்கும் ஃபைண்டரை, அதாவது பொருளைத் தேடிப் பிடிக்க உதவும் குட்டிக் கருவியை, சரிசெய்வதுதான் முதல் வேலை, அதைப் பகலில் செய்ய வேண்டும். பெரிய குழாயில் தெரியும் வானம் ஒரு பாகை அகலம்தான். வைக்கோல் துளை வழியாக ஊரைத் தேடுவது மாதிரி. தொலைவில் உள்ள செல்ஃபோன் டவர், கலங்கரை விளக்கம், மசூதியின் மினாரா, ஏதாவது ஒன்றின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவாருங்கள். அப்புறம் ஃபைண்டரின் திருகுகளைத் திருகி அதே உச்சி அதன் நடுவிலும் விழும்படி செய்யுங்கள். சூரியன் இருக்கிற பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. உருவம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வானத்தைப் பார்க்கும் கருவிகள் பலவும் அப்படித்தான் காட்டும்.

எங்கே நிறுத்துவது? மொட்டைமாடி வசதிதான். ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும், அடுப்புக்கு மேலே தெரிவது போல உருவம் நெளியும். மணல் சீக்கிரம் ஆறிவிடும். கடலுக்கு மேலே சீராக வருகிற காற்று உருவத்தை அசைக்காமல் வைப்பதும் உண்டு. அந்த இரவுகளில் வியாழன் கல்வெட்டு மாதிரி நிற்கும்.

மணலில் முக்காலி நிறுத்தினால் கால் மெல்லப் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள், டாப்சோனியனுக்கு ஒரு பிளைவுட் சதுரம் போதும். காற்றுக்குக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் நாட்டுப்படகின் மறைவு நல்லது, படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் நம் ஊரில் சொல்வது பார்க்கிறவர்களுக்கும் பயன்படும் அறிவு. ஆனி, ஆடியில் ஆண்கடல் பக்கம் அடிக்கிற காற்றில் எந்தக் கருவியும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை நமக்கு நல்ல காலம்.

அரிச்சல்முனை வானம் எல்லோரையும் இழுக்கும், ஆனால் மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். வேறு எந்தக் கடற்கரையானாலும், எல்லைக் கடல் இது என்பதை மறக்கக் கூடாது. ராத்திரியில் கடலை நோக்கி நீளக் குழாயோடு நான்கு பேர் நின்றால் மரைன் போலீஸ் வந்து கேட்பது அவர்கள் கடமை. முன்னாலேயே நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வந்தவர்களுக்கு முதலில் நிலாவைக் காட்டுங்கள்.

பார்க்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடியும் வெளிக்காற்றும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும். கண்ணும் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை செல்ஃபோனைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் பெரிய எண் போட்ட ஐபீஸில் தொடங்குங்கள், 25 மி.மீ. என்றால் 25. பொருளை நடுவில் பிடித்த பிறகுதான் 10 மி.மீ.ட்டுக்கு மாற வேண்டும். 1,200 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் முதலாவது 48 மடங்கு, இரண்டாவது 120. 120 மடங்கில் ஒரு பொருள் ஒன்றரை நிமிடத்தில் பார்வையைக் கடந்து ஓடிவிடும். ஓடுவது பூமி. விரலால் குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கப் பழகுங்கள், இரண்டு இரவில் கை தானாகச் செய்யும்.

என்ன தெரியும், என்ன தெரியாது

நிலாவிலிருந்து தொடங்குங்கள், பௌர்ணமியில் வேண்டாம். அன்றைக்குச் சூரியன் நேராக அடிப்பதால் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். மலைகளின் நிழல் சமவெளியில் நீண்டு கிடக்கும். ஒன்பதாம், பத்தாம் நாளில் கோப்பர்னிக்கஸ் என்கிற பள்ளம் வெளிச்சத்துக்கு வரும். 93 கிலோமீட்டர் அகலம். ராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடிக்குப் போகிற தூரத்தை ஒரே பள்ளமாக நினைத்துக்கொள்ளலாம்.

வியாழன் 40 மடங்கில் வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவுக்குத் தெரியும். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாததால் கண் அதைச் சிறிதாக எண்ணிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் விட்டுத் திரும்பப் பாருங்கள், நிலாக்கள் இடம் மாறியிருக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அதிலிருந்து ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் நன்றாகத் திறக்கும். இப்போது தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு அது நல்ல நேரம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கல்லைச் சனி என்று வணங்கிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வளையத்தை ஒருமுறை காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

விண்மீன்கள் எந்தக் கருவியிலும் புள்ளிதான். பக்கம் வராது, வட்டமாகாது. நெபுலாக்கள், அதாவது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகங்கள், படங்களில் இருப்பது போலச் சிவப்பாகவும் நீலமாகவும் தெரியாது, மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் திறன் இல்லை. ஓரையன் என்கிற வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டத்தின் வாளில் உள்ள நெபுலா, திருவாதிரை நட்சத்திரத்துக்கும் கீழே, மூன்று இடுப்பு மீன்களுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் சிறகு விரித்த மாதிரி தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் இன்னும் விரியும், விழித்திரையின் ஓரம்தான் மங்கிய ஒளியை நன்றாக வாங்கும். அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. தை, மாசியில் ஓரையன் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வரும். டாப்சோனியனைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்புவது கஷ்டம் என்பதால், அது உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்.

சூரியனைப் பற்றி ஒன்று மட்டும். குழாயின் முன்வாயை முழுதாக மூடும், கிழிசல் இல்லாத சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் போகக் கூடாது. ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி கருவியோடு வந்தால் உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், அடுத்த கணம் கண் போய்விடும். ஃபைண்டரையும் மூட வேண்டும். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் வளைய சூரிய கிரகணம் பார்க்கக் கூட்டம் கூடியது. தென் தமிழகத்தின் வழியாக இனி வரப்போகும் வளைய கிரகணம் 2031 மே 21 அன்று. வடிகட்டியை அதற்குள் வாங்கிப் பழகிவிடலாம்.

உப்பு நம் கருவிகளின் நிரந்தரப் பகை. கண்ணாடியின் மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, உப்பும் ஈரமும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு, குழாயின் வெளிப்புறத்தையும் திருகுகளையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். லென்ஸையும் கண்ணாடியையும் வேட்டி முனையாலோ துப்பட்டாவாலோ தொடவே வேண்டாம், ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். ஊதும் பலூனால் தூசியை ஊதிவிட்டால் போதும். ஏசி அறையில் வைத்திருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை வராது. ஒரு மழைக்காலம் நான் இதைச் செய்யாமல் விட்டு, நல்ல ஐபீஸ் ஒன்றின் உள்ளே வலை வலையாகப் பூஞ்சை படர்ந்தது. அதை மீட்க முடியவில்லை.

தெற்கே கடல் இருப்பதால்

நம் கரையில் நிற்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் ஊரே இல்லை, கடல்தான். தெற்கு வானம் தொடுவானம் வரை இருட்டாக இருக்கும். 9 பாகை அட்சரேகை துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்தியது. அதே 9 பாகை தெற்கே உள்ளவற்றை உயர்த்திக் கொடுக்கிறது. ஐரோப்பாவில் பெரும் பணம் கொடுத்துக் கருவி வாங்கியவர்களுக்கும் வீட்டிலிருந்து தெரியாதவை இவை.

மாசியில் அகத்தியர் விண்மீன் தெற்கே 28 பாகை உயரத்தில் நிற்கும். தை மாத இரவில், அதற்கும் கீழே, மூட்டம் இல்லாவிட்டால், கிழிந்த மேகத் துண்டு மாதிரி பெரிய மெகல்லன் மேகம் தெரியும். அது மேகமே இல்லை, நம் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்குச் சிலுவை நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். நம் புராணத்தில் திரிசங்கு என்பது இதைத்தான் என்பார்கள். அதற்கு இடது பக்கம், கிழக்கே, பிரகாசமாக இரண்டு விண்மீன்கள். அவற்றில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம், நான்கரை ஒளியாண்டுக்குள்.

வெறும் கண்ணுக்கு அது ஒன்று. தொலைநோக்கியில் இரண்டு மஞ்சள் புள்ளிகள், ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுபவை. இது இரட்டை என்று முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்கிற பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில், புதுச்சேரியில். வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. நம்மைப் போல வங்கக் கடலோரத்தில் நின்றுதான் பார்த்தார். 70 மடங்கு போதும். பரணில் கிடந்த என் 60 மி.மீ. குழாயை ஒரு கனமான முக்காலியில் கட்டி, 10 மி.மீ. ஐபீஸ் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இரண்டு தெரிந்தது.

அடுத்து ஒமேகா சென்டாரி என்கிற விண்மீன் திரள். சித்திரை நட்சத்திரத்தை முதலில் பிடியுங்கள், வைகாசி இரவில் பத்து மணிக்குத் தலைக்கு மேலிருந்து சற்றுத் தெற்கே நீல வெள்ளையாக இருக்கும். கையை நீட்டி ஒரு சாண் வைத்தால் வானத்தில் சுமார் 20 பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே, தெற்கு நோக்கி, இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குங்கள். கலங்கிய விண்மீன் ஒன்று கண்ணுக்கே தெரியும். பைனாகுலரில் அது பஞ்சு உருண்டை. 70 மி.மீ.ட்டரில் விளிம்பு சொரசொரக்கும். 150 மி.மீ.ட்டரில், 120 மடங்கில், அந்த உருண்டை புள்ளி புள்ளியாக உதிரும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் ஒரே திரளாக, சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால்.

சிலோன் தெரியுமா என்று கேட்ட பெரியவர் ஒருவருக்கு இதைக் காட்டினேன். குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. குழாயை நான்கு முறை தள்ளிக் கொடுத்தேன். "மத்தி வாரி வலையில மின்னுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்தார். சின்னவளுக்கு ஐபீஸ் எட்டவில்லை, மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டோம்.